நிமிர்த்திய பீப்பாய்ப் பலகை

வீட்டில் நான் காய்ச்சிய இருபது லீற்றர் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் நொதித்து முடிந்துவிட்டது. மணம் ஏற அதில் ஊறப்போட, விஸ்கி பீப்பாயின் ஓக் பலகை வேண்டும். இணைய விளம்பரம் பார்த்து, இன்று லா ஷப்பல் மெற்றோ ரயில் நிலைய வாசலில் ஒரு அண்ணையைச் சந்தித்தேன்.

பையிலிருந்து பலகையை எடுத்தார். அளவுகோல் போல நேராக இருந்தது.

“அண்ணை, பீப்பாய்ப் பலகை வளைஞ்செல்லோ இருக்கும்?”

“ஓம் தம்பி. உமக்காக நிமித்திக் கொண்டந்தனான்.”

“இந்த ஆணி ஓட்டை?”

“காத்துப் போக. மணந்து பாருமன், விஸ்கிதானே?”

விஸ்கிதான். இன்று காலை ஊற்றியது. அதற்கடியில் வார்னிஷ் மணம். இதைப் போட்டால் இருபது லீற்றரும் நாசம். வாங்காமல் வந்துவிட்டேன்.

அவர் இருப்பது லெ பிளாங்-மெனில் என்ற ஊரிலாம். அந்தப் பக்கத்து நண்பர்களே, உங்கள் கட்டில் பலகைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் கீழே எழுதுங்கள்.