வராதவளுக்குப் போட்ட பூச்சியம்

குசினியில் பாரைக் கருவாடு பொரியும் மணம் வந்தால் நான் எழுந்து வாசல் படலையடிக்குப் போய்விடுவேன். வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் காரணம் என்று மருமகள் நினைக்கிறாள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். உண்மையான காரணம் ஒரு பனையோலை உமல். ஐம்பதுகளின் கடைசியில், முல்லைத்தீவில் நான் படிப்பித்த பாடசாலையில், ஒரு மீனவர் அதை என் மேசைக் காலில் சாய்த்து வைத்தார். உள்ளே எட்டுப் பாரைக் கருவாடுகள். விற்பனைக்குப் போகும் கருவாட்டில் மணல் ஒட்டியிருக்கும். இவற்றைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றியிருந்தார்கள்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு இல்லை. டாக்டராக வேண்டுமென்று ஆசைப்படும் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போயாக வேண்டும். அப்படியொரு கல்லூரி வன்னிப் பிள்ளைகளுக்கென்று ஆண்டுக்கு இரண்டு இடங்களை, விடுதியும் சாப்பாடும் இலவசமாக, ஒதுக்கியிருந்தது. விண்ணப்பத்தோடு, இந்தப் பிள்ளை அங்கே தாக்குப்பிடிக்குமா என்று பாடசாலை ஒரு மூடிய கடிதம் கொடுக்க வேண்டும். கணித ஆசிரியனாகவும் பட்டதாரியாகவும் இருந்த நானே அதை எழுதுவேன். மூன்று வருடங்களாக என் கணிப்பு ஒன்றுகூடப் பிழையாகவில்லை. நான் ஆகும் என்றவர்கள் எடுபட்டார்கள், ஆகாது என்றவர்கள் எடுபடவில்லை. வவுனியாவிலிருந்துகூடத் தகப்பன்மார் புள்ளி அட்டையோடு வந்து, “எங்கட பொடியன் வருவானோ, சேர்?” என்று நிற்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழுவது எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரி என் கடிதத்தைப் பார்த்தே பிள்ளைகளை எடுத்தது. அப்படியிருக்க என் கணிப்பு எப்படிப் பிழையாகும்? இது எனக்கு அப்போதே தெரியும்.

என் முறை எளிமையானது. கடைசி வருடத்தின் மூன்று தவணைப் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுப்பேன். அறுபதுக்கு மேலே வந்தால் ஆகும், கீழே வந்தால் ஆகாது. யாருடைய முகத்தையும் பார்க்காத முறை என்று அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

அந்த மீனவரின் மகள் முதல் தவணையில் எண்பத்திரண்டு, இரண்டாம் தவணையில் எண்பத்தைந்து. மூன்றாம் தவணையில் அவள் இல்லை. வாடைக்காற்றுத் தொடங்கி எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளித்துவிட்டால் அந்தக் குடும்பம் பூநகரிக் கரைக்குப் போய், வாடி என்று ஓலைக் கொட்டில் போட்டு, அலையில்லாத களப்புக் கடலில் தொழில் செய்யும். நத்தார்ப் பண்டிகையும் அங்கேதான். தை பிறந்த பிறகு திரும்பி வந்து, கடைசி வாங்கில் கிடைத்த இடத்தில் இருந்து, இரண்டு கிழமைக்குள் பாடத்தில் எல்லோரையும் எட்டிப் பிடித்துவிடுவாள். ஒருமுறை கேத்திரகணிதக் கணக்கு ஒன்றைப் பலகையில் என் வழியைவிடப் பாதி வரிகளில் செய்தாள். நான் அதை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

வராத தவணைக்குப் பூச்சியம் போட்டேன். ஐம்பத்தைந்து சொச்சம் வந்தது.

ஆசிரியர் அறையில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது அந்த வருடம் புதிதாக வந்த இளம் ரீச்சர் ஒருவர்.

“சேர், வராத பிள்ளைக்குப் பூச்சியம் போட்டுக் கூட்டுறீங்களே! கடல் மாறினதுக்குப் பிள்ளையின்ர மூளை என்ன செய்யும்?”

“ரீச்சர், யாழ்ப்பாணத்திலயும் மூண்டாம் தவணை இருக்கு. அப்பவும் இவள் வாடிக்குப் போவாள்.”

“விடுதியில இருக்கிறவள் ஏன் சேர் வாடிக்குப் போறாள்? அந்த இடம் கிடைச்சா அவளுக்கு மூண்டு தவணையும் கிடைக்குமெல்லே?”

“பாப்பம்” என்றேன். பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்காக முறையை மாற்றி, அவள் அங்கே தவறினால் என் கணிப்பு பிழையாகிவிடும். அதை விட வேறு காரணம் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன்: வரவு ஒழுங்கில்லை, சராசரி போதாது, தெரிவாகும் வாய்ப்பு இல்லை. உறையை ஒட்டினேன்.

கடைசித் திகதி நெருங்கியிருந்ததால் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கத் தகப்பனார் வந்தார். அன்றுதான் அந்த உமல்.

“மீன்பாடு பாக்கிறதில நான் கெட்டிக்காரன் எண்டு கரையில சொல்லுவினம், சேர். பிள்ளையளின்ர பாடு பாக்கிறதில நீங்களாம். எங்கட பெட்டைக்கு எப்பிடி?”

“கடிதம் எழுதியிருக்கு. குடுத்துப் பாருங்கோ.”

அவர் சிரித்தார். உறையை நனையாமல் எண்ணெய்ச் சீலையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார். மறுநாள் விடிய பஸ் ஏறி, பரந்தனில் மாறி, மகளுக்கு எதிரான கடிதத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் அவருடைய கருவாட்டைச் சாப்பிட்டோம். நல்ல கருவாடு என்று மனைவியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

இடம் கிடைக்கவில்லை. அவர் வந்து, “நீங்கள் எழுதியும் கிடைக்கேல்லை எண்டா நாங்கள் என்ன செய்யிறது” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. அடுத்த வாடைக்காற்றோடு பூநகரிக்குப் போன பெண் பிறகு வகுப்புக்குத் திரும்பவில்லை.

ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு வவுனியா பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள். கையில் காய்ச்சலோடு கிடந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் உப்பில் வெடித்திருந்தன. குரலைக் கேட்ட பிறகே அந்த மீனவரின் மகள் என்று தெரிந்தது. நான் இருக்க மறுத்தேன். அவள் விடவில்லை.

“எங்கட ஐயா போன வருசம் கண்ணை மூடீட்டார், சேர். கடைசி வரைக்கும் உங்களைப் பற்றித்தான் கதை. எங்களுக்காக எழுதின ஒரே மனுசன் எண்டு.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். “பிள்ளை, அந்தக் கடிதத்தில...”

“தெரியும் சேர்.” குழந்தையின் நெற்றியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. “அண்டு இரவு கடல் ஈரத்தில உறையின்ர ஒட்டு விட்டுப்போச்சு. வாசிச்சனான். பிறகு சோத்துப் பருக்கை வைச்சு ஒட்டி ஐயாட்டக் குடுத்தனான்.”

“ஏன் குடுத்தனீ?”

“உங்களுக்குக் கருவாடு குடுத்திட்டு வந்து அவர் அவ்வளவு சந்தோசமா இருந்தவர். கிழிச்சா ஏனெண்டு கேப்பார். உண்மையைச் சொல்ல வேண்டி வரும்.”

ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாறன் சேர்” என்று இறங்கினாள். உள்ளே எந்த டாக்டரிடம் காட்டினாளோ, குழந்தை பிழைத்ததோ, எனக்குத் தெரியாது. இறங்கி அவள் பின்னால் போயிருக்கலாம். நான் அவள் விட்டுத்தந்த இடத்திலேயே இருந்தேன்.

இன்றும் மருமகள் கருவாடு பொரித்தாள். “மாமா, ஒரு துண்டு திண்டா ஒண்டும் செய்யாது, வாங்கோ” என்று கூப்பிட்டாள். உப்புக் கூடாதென்று சொல்லிவிட்டேன். அந்த உமலில் இருந்த எட்டில் ஒன்றைக்கூட நான் மிச்சம் விடவில்லை என்பதை யாரிடம் சொல்வது?