மே மாதத்தில் ஒரு ராமேஸ்வரம் கல்யாணம்

மே மாதத்தில் ராமேஸ்வரத்தில் கல்யாணம் வைத்தால் எப்படி இருக்கும்?

போன வாரம்தான் போய் வந்தேன். பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, சர்ச் நிழல் நகர நகரத் தாங்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்டெல்லா என் தோழி. கோவையில் ஒரே பள்ளிக்கூடத்தில் பல வருடம் சேர்ந்து பாடம் நடத்தியவர்கள் நாங்கள்.

"எல்லாம் உன்னாலதான்டி" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

உண்மைதான். ஆனால் அந்தக் கதையைச் சொன்னால் நீங்கள் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

என்னைப் போல ராமநாதபுரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லாத ஒரு உத்தியோகம் உண்டு. எங்கிருந்தாவது யாராவது போன் செய்து, "ராமேஸ்வரம் எப்ப வரலாம்? எது நல்ல சீசன்?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் எப்படியோ, நான் இதில் கில்லாடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். மழை, புயல் எச்சரிக்கை, நனைந்த லக்கேஜ். ஜனவரி, பிப்ரவரி... கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுங்கள். மார்ச் பரவாயில்லை. ஏப்ரல், மே பக்கம் வரவே வராதீர்கள். உள்ளூர்க்காரர்களான நாங்களே கொடைக்கானல் பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்போம். ஜூனுக்கு மேல் காற்று. தனுஷ்கோடியில் நின்றால் மணல் கன்னத்தில் அறையும். கூடவே ஒரு இலவச டிப்ஸ் — தீவுக்கு வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். ஒன்று ஆடும்போது இன்னொன்று அடங்கிக் கிடக்கும். எந்தப் பக்கம் எப்போது என்று என்னைக் கேளுங்கள்.

இதுவரை ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

போன வருடம் ஸ்டெல்லாவும் போன் செய்தாள். அவள் மகன் அருணுக்கு பெங்களூருவில் வேலை. அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஷெரின் என்ற பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கு ஊர் ராமேஸ்வரம். அப்பா சூசை விசைப்படகு வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் கத்தோலிக்கக் குடும்பம். வேறென்ன வேண்டும்? ஸ்டெல்லாவுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. கடலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது.

"ஜனவரில வெச்சுக்கலாம்டி. பீச்சுல ரிசப்ஷன். எங்க சனமெல்லாம் அப்படியே தங்கிச் சுத்திப் பார்த்துட்டு வந்துருவாங்க."

"அருமையான யோசனை" என்றேன். கிறிஸ்துமஸும் முடிந்திருக்கும், தவக்காலமும் தொடங்கியிருக்காது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. என் வாயிலிருந்து ஜனவரி என்று வந்த கையோடு ஸ்டெல்லா ஒரு ரிசார்ட்டில் ரூம்கள் சொல்லி வைத்துவிட்டாள்.

பெண்ணின் அம்மா ஜெசிந்தா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கல்யாணம் மே மாதத்தில்தான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தோது இருந்தால் வாங்க, இல்லாவிட்டால் யோசித்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டாராம்.

ஸ்டெல்லா கொதித்துப்போனாள். "பொண்ணு கொடுக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிட வேண்டியதுதானே? மே மாசம் வரச் சொல்லித் துரத்தறாங்களா?" அவள் சொந்தக்காரர்கள் அதற்குள் வேறு பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் ஷெரினே எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, ரெண்டு அம்மாவும் பேச்சை விட்டுட்டாக. நீங்க கொஞ்சம் எங்க வீடு வரைக்கும் போயிட்டு வர முடியுமா?" குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

போனேன். முழு நம்பிக்கையோடுதான் போனேன். மாதவாரியாகப் பருவநிலையை விளக்கினால் எந்த அம்மாவும் மனசு மாறிவிடுவார் என்ற நம்பிக்கை. பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

ஜெசிந்தா வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில். தெருமுனையிலேயே அவர் குரல் கேட்டது. யாரோ ஒரு மீன் வியாபாரியைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு எனக்கு டீ கொடுத்தார். நான் அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரிக்கு வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்."

"வயக்காடு இருக்கா?"

"இருக்கு."

"கதிரறுப்பு நேரத்துல உங்க வீட்ல கல்யாணம் வைப்பீகளா?"

வைப்போமா? கதிர் அறுக்கும் மெஷின் வயலில் நிற்கிறது, வானம் வேறு கருக்கிறது... அந்த நேரத்தில் கலெக்டரே பத்திரிகை வைத்தாலும் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். வைக்க மாட்டோம் என்றேன்.

"எங்களுக்கு தை மாசந்தான் கதிரறுப்பு. மீன்பாடு நல்லா இருக்குற நேரம். ஊருல பாதி ஆம்பளைக கடல்ல இருப்பாக. பொம்பளைகளும் பிள்ளைகளுமா நின்னு கட்டிக்குடுக்கவா?"

"பொண்ணோட அப்பா ஒரு நாள் கரையில இருந்துக்கலாமே?" விடுவேனா நான்?

"அவுக இருப்பாக. மத்தவுக?" என்றவர் சுவரைக் காட்டினார். மூத்த மகளின் கல்யாணப் போட்டோ. அந்த மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவு கிடைத்தது என்பதால் தை மாதத்திலேயே வைத்துவிட்டார்களாம். ஜெசிந்தாவின் தம்பி, அதாவது பெண்ணின் தாய்மாமன், விடிவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு முந்தின நாள் கடலுக்குப் போயிருக்கிறார். எஞ்சின் நின்றுவிட்டது. சர்ச்சில் பூசைக்கு வரவில்லை. பந்திக்கும் வரவில்லை.

"பொழுது சாயுற நேரத்துக்குத்தான் இன்னொரு போட்டுக்காரக கட்டி இழுத்துட்டு வந்தாக. நல்லாத்தான் வந்து எறங்குனான். ஆனா அதுவரைக்கும் எனக்கு உசுரு இல்ல. என் பிள்ளைக்குத் தாலி கட்டுனத நான் பாக்கல டீச்சர். வாசலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

போட்டோவை நெருங்கிப் பார்த்தேன். மணமக்களைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. மணப்பெண்ணும் பார்க்கவில்லை.

"மே மாசம் தடைக்காலம். மீனு முட்டையிடுற நேரம்னு ஏப்ரல் பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் ஒரு விசைப்படகும் நகராது. ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கரையில இருப்பாக. இவ கல்யாணத்தையாச்சும் நான் கண்ணால பாக்கணும்ல?"

"இதை ஸ்டெல்லாகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

ஜெசிந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணப் பேச்சு நடக்கையில, கடலுக்குப் போனவன் வரலைன்னு என் வாயால சொல்லச் சொல்றீகளா?"

மிச்ச டீயை அப்படியே கீழே வைத்தேன். இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் சீசன் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் காலண்டரில் இருந்தது வெயிலும் மழையும் மட்டும்தான்.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க சனம் வெயில்ல கருகிடுமேடி..." என்றாள்.

"கருகட்டும். உனக்குக் கடல் வேணுமா, சம்பந்தி வேணுமா?"

சின்னக் குரலில் கேட்டாள்: "மண்டபத்துல ஏசி இருக்குமா?"

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

மே மாதத்தையும் சும்மா சொல்லக்கூடாது. வாசலில் ஐஸ்க்ரீம் ஸ்டாலுக்குப் பதில் நுங்கு வெட்டிக் குவித்திருந்தார்கள். கோயம்புத்தூர் சனம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. விசைப்படகு ஓடாவிட்டால் என்ன? புதுமடத்திலிருந்து நாட்டுப்படகுக்காரர்கள் பாறை மீன் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தடை கிடையாது. சாயங்கால ரிசப்ஷனை வடக்குக் கடற்கரையில் வைக்கச் சொன்னது நான்தான். கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஸ்டெல்லாவையே கேட்டுப் பாருங்கள்.

துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. படகுக்காரர்கள் அத்தனை பேரும் சர்ச்சுக்குள் இருந்தார்கள். புதுச் சட்டை, மழித்த முகம். சூசை, வலையை இழுத்துப் பழகிய கையால் மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அருண் தாலி கட்டினான். எல்லோரும் மணமக்களைப் பார்த்தார்கள். நான் ஜெசிந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.

பிறகு கடற்கரையில் குரூப் போட்டோ. முதல் ஆளாகத் தாய்மாமன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே வந்து நின்றது. ஃபிரேமுக்குள் அடங்கவில்லை. போட்டோகிராபர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஷூவோடு கடலுக்குள் இறங்கிவிட்டார். "எல்லாரும் இங்க பாருங்க!" என்று முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் கத்த வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்வை வழிய வழிய, பல் அத்தனையும் தெரிய.

நேற்றுகூட ஒரு போன் வந்தது. திருச்சியிலிருந்து. "மேடம், ராமேஸ்வரம் வர எது நல்ல சீசன்?"

"யாரைப் பார்க்க வர்றீங்க?" என்று கேட்டேன்.