ஆரணியைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை

எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, வெயில் வருவதற்கு முன்பே நானும் என் மனைவி வனஜாவும் ஆரணி கோட்டை மைதானத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். களம்பூர் போய், ரயில் பாதையை ஒட்டிச் சுற்றி, ஆற்று வழியாக ஊர் திரும்ப வேண்டும். பஸ் ஏறக் கூடாது. போன வழியில் திரும்பக் கூடாது. இரண்டும் வனஜா போட்ட நிபந்தனைகள்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலை. அவளுக்கு ஆரணியில் டீச்சர் வேலை. சனிக்கிழமை இரவு வருவேன், ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவேன். மாமனார் வீட்டில் எப்போதும் கூட்டம். சைதாப்பேட்டையில் வீடு பார்த்துவிட்டேன் என்ற செய்தியைக்கூட முந்தின இரவு எல்லோர் முன்னாலும்தான் சொல்ல முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வனஜா மட்டும், "காலைல பெரிசா ஒரு சுத்து நடந்துட்டு வரலாங்களா?" என்று கேட்டாள்.

கோட்டை அகழியில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. மைதானத்துப் புளிய மரங்களுக்கடியில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் நெசவுக்கான பட்டுப் பாவு நூலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீட்டிக் கட்டியிருந்தார்கள். காலை வெளிச்சத்தில் தெருவே அரக்குச் சிவப்பாக இருந்தது. நூலில் கால் படாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனோம். "டீச்சர், ஜல்தியா எங்க?" என்று கேட்ட ஒரு பெண்மணிக்கு, "சும்மாங்க, நடக்கத்தான்" என்றாள் வனஜா. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

களம்பூர் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியெல்லாம் அறுவடை. நெல் மூட்டை லாரிகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் தவிட்டு வாசனை மூக்கை நிறைத்தது. ஊர் எல்லையில் டீ குடித்தோம், ஒன்று முப்பது காசு. களம்பூரில் இருக்கும் ஸ்டேஷனுக்குப் பெயர் ஆரணி ரோடு. "எங்க ஊருக்கு ரயில் வரலன்னாலும் பேரு வந்துடுச்சு பாருங்க" என்று வனஜா பெருமையடித்துக்கொண்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரணியிலேந்து நடந்துகினா வந்தீங்க? பஸ்காரன் ஸ்டிரைக்கா?"

"இல்லண்ணே, ஆசைக்கு" என்றாள் வனஜா.

அவர் சிரித்து முடிப்பதற்குள் கரி எஞ்சின் வந்துவிட்டது. டிரைவர் கையாட்டினார். வனஜா சின்னப் பெண்போல இரண்டு கையையும் ஆட்டினாள்.

ஒரு காலத்தில் ஸ்டேஷனிலிருந்து நெல் மில்களின் பின்புறம் வரை கூட்ஸ் வண்டிக்கென்று ஒரு கிளைப் பாதை இருந்ததாம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஜல்லியும் மக்கிய கட்டைகளும் மட்டும் மிச்சம். இருபுறமும் வேம்பும் புங்கமும் வளர்ந்து பாதையை நிழல் குகையாக்கியிருந்தன. அதன் நடுவில்தான் அவள் சொன்னாள்.

"நான் மெட்ராஸுக்கு வரலங்க."

"இந்த வாரமா?"

"எப்பவுமே. மூணு வருஷம் வெம்பாக்கத்துல தனியா ரூம் எடுத்துத் தங்கி வேலை பாத்தேன். அலையா அலைஞ்சு இப்பத்தான் சொந்த ஊருக்கு மாத்தல் கெடச்சுது. வேலையை ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வர மனசு வரல."

"அப்போ நான் வீடு பாத்தது?"

"என்னைக் கேட்டா பாத்தீங்க?"

வேகமாக முன்னால் நடந்தேன். சற்று தூரத்திலேயே கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வனஜா ஓடிவந்து, புடவை ஊக்கைக் கழற்றி, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு முள்ளை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவத்துல கூடப் பாதையைப் பாத்துதாங்க நடக்கணும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

பாதை முடிந்து ரோட்டுக்கு வந்ததும் ஒரு மில் லாரி நின்றது. "நொண்டிகினு போறாரே! ஏறுங்க, ஆரணியில எறக்கிடறேன்" என்றார் டிரைவர். வனஜா என்னைப் பார்த்தாள். முடிவை என்னிடமே விட்டுவிட்டாள் என்று புரிந்தது.

"இல்லீங்க, நடந்தே போறோம்" என்றேன்.

வரப்புகளைத் தாண்டி ஆற்றில் இறங்கினோம். மணலுக்கு நடுவே வேட்டி அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. கட்டிவந்த தயிர்சாதத்தை ஒரு மாந்தோப்பு நிழலில் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். ஹெட்மாஸ்டர் பிரேயருக்கு வருவதை மணலில் நடந்தே காட்டினாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சுருங்கிய குரலோடு சைதாப்பேட்டை வீட்டில் அவளை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

சாயங்காலம் பஜார் தெருவுக்குள் நுழைந்தபோது, முகூர்த்த மாதமாதலால் ஞாயிறன்றும் ஓர் அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் காய்ந்த கல்யாணப் பத்திரிகையைத் தொழில் பழக்கத்தில் படித்தேன். மணமக்கள் 'சகல பாக்கிகளும் பெற்று' வாழ வாழ்த்தியிருந்தது.

"ஐயா, மிஷினை நிறுத்துங்க! பாக்கியங்கள்ல எழுத்து விட்டுப்போச்சு!"

முதலாளி ஓடிவந்து படித்துத் தலையில் கைவைத்தார். வனஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேஜாராயிருக்கும் சார். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். யோசிக்காமலே, "இங்க ஆள் வேணுங்களா?" என்றும் கேட்டுவிட்டேன். வனஜாவின் சிரிப்பு நின்றது.

"மெட்ராஸ் சம்பளம் கட்டாதுங்க. சித்திரையில வந்து பாருங்க, பேசலாம்" என்றார் அவர்.

கோட்டை மைதானத்தைத் தொட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வனஜா மைதானம் என்றும் பாராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெட்ராஸ் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் கைகாட்டவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"மெட்ராஸா? ஊருக்குத் திரும்பறீங்களா?"

"இல்லீங்க, வேலைக்குப் போறேன்" என்றேன். "ஊரு ஆரணிதான்."