எத்தனை பர்சன்ட்

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் பக்கத்து ஹாலில் நான் மைக்கில் பேசியதிலிருந்து நீங்கள் இருவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை, உங்கள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நேரில் சொல்ல வந்தால் எனக்கு வார்த்தை முன்னும் பின்னும் ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஆட்டிசம் என்பது நாற்பது தாண்டித்தான் தெரிந்தது. பெங்களூர் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிய வாரம், மெஷின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இது நோய் இல்லை, பிறவியிலேயே மூளை இப்படி அமைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அன்று பெங்களூரிலிருந்து வரும் ரயிலில் கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. இத்தனை காலம் தூக்கிவந்த மூட்டைக்குள் இன்னது இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். மூட்டை இறங்கவில்லை.

பிறகு, விஷயம் கேள்விப்பட்டு, எங்கள் பிள்ளைக்கும் இப்படி இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னொரு வீடு. பேசுவது எனக்கு ஷிஃப்டைவிடக் களைப்பு. ஞாயிறு சாயங்காலம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பது அதனால்தான், உங்கள்மேல் கோபத்தால் அல்ல.

ஹாலில் பேசக் கூப்பிட்டபோது பெரியவளே, நீ கேட்டாய்: "எங்கள பத்தி ஒண்ணும் பேசாதீங்கபா. உனக்கும் அது கீதான்னு ஸ்கூல்ல ஓட்டுவாங்க." சரி என்றேன்.

அங்கே நடந்தது இது. நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் எழுந்தார்.

"அதெல்லாம் செரி தம்பி. எத்தினி பர்சன்ட் குட்த்தாங்க?"

சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறினவர்களுக்கு பாதிப்பு இத்தனை பர்சன்ட் என்று டாக்டர் போட்டுத்தான் நம் ஊரில் நஷ்டஈடு வந்தது. டாக்டர் ஏதாவது சொன்னார் என்றாலே இங்கே முதல் கேள்வி அதுதான்.

"நஷ்டஈடு ஃபுல்லா கேளு, விட்றாத," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"இது தூசி மாதிரி உள்ள வந்தது இல்ல பெரிப்பா. பொறந்ததிலேர்ந்து நானே இதான்."

"அப்போ முழுசும்னு சொல்லு."

"ஆமா, முழுசும்."

"இத்தினி வருசமா சுரங்கத்துலேர்ந்து மேல வராமயே வேல செஞ்சுகீற," என்று சொல்லிப் பெரியவர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஒரு அம்மா கேட்டார். "அண்ணா, இது பசங்களுக்கும் வருமா? ஒங்க பசங்களுக்கு கீதா?"

டியூப்லைட் சத்தம் மட்டும் என் காதுக்குள் ஏறியது. எனக்குப் பொய் சொல்ல வராது. "குடும்பத்துல வரலாம்மா. என் பசங்கள பத்தி என் பசங்கதான் சொல்லணும். நான் என்ன பத்தி சொல்லத்தான் வந்தேன்," என்றேன்.

உங்கள் அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார் என்று பள்ளியில் பேசினார்களாம். நான் சொன்னது இவ்வளவுதான்.

அந்த அம்மாவின் மகன் வளர்ந்த பையன், வெகுநாளாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். வரும் ஞாயிறு அங்கே போகிறேன். போகாமல் இருக்கத்தான் உடம்பு கேட்கிறது. ஆனாலும் போவேன். உங்களைப் பற்றிப் பேசமாட்டேன்.

நேற்றுக் காலை ரயிலுக்குப் போனபோது சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் சுவரில் அந்தக் கூட்டத்து நோட்டீஸைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே, நீங்கள் படிக்கும் பள்ளியின் பெயரைப் போட்டு, இரண்டு பிள்ளைகளின் தந்தை என்று அச்சடித்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, அந்த வரியை மட்டும், காகிதம் உரிந்து சுவர் தெரியும்வரை தேய்த்தேன். என் பெயரை அப்படியே விட்டுவிட்டேன்.