கல்குவாரி மேட்டுக்கு எழுதிய பெயர்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ‘நிக்காத வண்டி’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு; அதில் அவள் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தவ என்று தையல்காரரான கணவர் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் டீயைத் தானே போட்டுக்கொள்வார், பாவம்.

புயல் ஊரைப் புரட்டிப் போட்ட மூன்றாம் நாள் நகராட்சி அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. உதவி செய்ய வந்த அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம். சந்தைப் பக்கம் ரோடு நன்றாக இருந்ததால் எல்லா லாரியும் அங்கேயே போய் நின்றது. அங்கே வீட்டுக்கு மூன்று தார்ப்பாய் கிடைத்திருந்தது; ஒரு கடைக்காரர் மூன்றாவதைத் தன் மோட்டார் சைக்கிளுக்குப் போர்த்தி வைத்திருந்தார். உள்ளே தள்ளி இருந்த ஊர்களில் கூரை போனவர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். தாறுமாறாக ஓடும் வண்டிகளைத் தடத்தில் ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் ஆணையர்.

நூலகத்தின் வாசிப்பறையைக் கொடுத்தார்கள். சுவர் முழுக்க அவள் ஒரு அட்டவணை ஒட்டினாள். நாற்பத்தொரு ஊர், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். அந்த ஊருக்குப் போகிற அமைப்பின் பெயரைக் கட்டத்தில் பென்சிலால் எழுதுவாள். ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர்தான். பெயர் விழுந்துவிட்டால் வேறு யாரும் அந்த ஊருக்குள் போகக் கூடாது. எடுத்தவர்களால் முடியவில்லை என்றால் ‘விட்டுக்கொடுத்தோம்’ என்று கடிதம் தர வேண்டும். இதை அவள் வைத்த மறுநாளே மூன்று தார்ப்பாய்க் கூத்து நின்றது. ஆணையர் பாராட்டினார். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று கல்குவாரி மேடு. நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். அவளுடைய ஒரே தம்பியும் அங்கேதான் இருந்தான்.

நீலச் சட்டை போட்டு வந்த ஒரு அமைப்பினர் முதல் நாளே அந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டபோது அவளுக்கு மூச்சு வந்தது. அங்கே போங்கள் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தினமும் காலைக் கூட்டத்தில் அவர்களுடைய மேலாளர், பழுதில்லாத மனிதர், படிந்த தலைமுடி, தாளைப் பார்த்து வாசிப்பார்: கல்குவாரி மேடு, விநியோகம் நடந்துகொண்டிருக்கிறது. அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். மற்ற ஊர்களுக்கெல்லாம் யாரையாவது பிடித்து, சாமான் வந்ததா என்று குடைந்து குடைந்து கேட்பவள், இந்த ஒரு ஊரைப் பற்றி மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை. அக்கா பட்டியல் போடுகிறாள், தம்பி வீட்டுக்கு முதல் லாரி போகிறது என்று ஊர் வாய் பேசும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது, அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மேட்டில் செல்போன் கோபுரம் சாய்ந்து கிடந்தது. தம்பியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்று ஐந்தாம் நாள் கணவர் கேட்டதற்கு வெடித்துவிட்டாள். நாற்பது ஊர் காத்திருக்கும்போது நான் விருந்தாளி மாதிரி தம்பி வீட்டுக்குப் போகவா என்று கத்தினாள். அவர் போய்த் தன் டீயைப் போட்டுக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அட்டவணைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். கூர்மையாக இருந்த பென்சிலையே மறுபடி மறுபடி சீவினாள்.

ஆரஞ்சுத் தொப்பி அமைப்பை நடத்திய அம்மாள் அவளிடம் இரண்டு முறை வந்தார். எங்களிடம் தார்ப்பாய் மிச்சமிருக்கிறது, கல்குவாரி மேட்டுக்கு நாங்களும் போகட்டுமா என்று கேட்டார். அங்கே ஆள் இருக்கிறது என்று இரண்டு முறையும் அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது முறை கொஞ்சம் எரிச்சலோடு.

ஒன்பதாம் நாள் காலை, தண்ணீர் லாரி ஓட்டுநர் கையெழுத்து வாங்க வந்தார். பேச்சுவாக்கில், மேட்டு ஜனங்கள் விளம்பரப் பேனரைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மேலே போகும் சிறு பாலம் உடைந்து கிடக்கிறது, அதனால் வண்டியை இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார், மேட்டுக்குக் குடத்தில்தான் தண்ணீர் போகிறது.

அப்படி இருக்க முடியாது என்றாள் அவள். அட்டவணையைக் காட்டினாள்.

ஓட்டுநர் அதை ஏற இறங்கப் பார்த்தார். “கட்டத்துக்குள்ள நனையாமதான் இருக்காங்க போல.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீலச் சட்டை மேலாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். பாலம் உடைந்ததால் நாலாம் நாளே லாரி திரும்பிவிட்டது, சாமானைக் கீழ் ஊரில் இறக்கிவிட்டோம் என்றார். பிறகு ஏன் பெயரை விடவில்லை என்றால், பாலம் சரியானதும் போகலாம் என்றிருந்தோம், விட்டால் திரும்பக் கிடைக்காதே என்றார். அதுவும் அவள் வைத்த சட்டம்தான்.

மதியத்துக்கு மேல் மறுபடி பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆரஞ்சுத் தொப்பிக்காரர்களின் கடைசி நூற்று இருபது தார்ப்பாய் ஒரு மணிக்குத் தலைமைக் கிடங்குக்குத் திரும்புகிறது. லாரியில் கயிறு கட்டியாகிவிட்டது. அப்போது மணி பதினொன்றரை. மேலாளர் கடிதம் தரத் தயார்தான், ஆனால் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். தலைமை அலுவலகம் கூட்டத்தில் இருந்தது. பன்னிரண்டுக்கும் கூட்டத்தில் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போயிருந்தது. அவள் வாசலுக்கும் தொலைபேசிக்கும் நடந்த நடையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் அழிப்பானை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, அந்தக் கட்டத்திலிருந்த பெயரை அழித்தாள்.

கடிதம் இல்லாமல் எப்படி, நீங்கள் வைத்த விதிதானே என்றார் மேலாளர்.

“நான் வெச்சதுதான். அங்க என் தம்பி வீடு இருக்கு. யாராவது பேசிடுவாங்களோன்னு பயந்து ஒம்போது நாளா நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல. இனி யார் என்ன பேசினாலும் பேசட்டும்.”

சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் ஆரஞ்சுத் தொப்பியின் பெயரை எழுதினாள். ஆரஞ்சுத் தொப்பி அம்மாள் உடனே லாரிக்காரரைக் கூப்பிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

உடைந்த பாலம் வரைக்கும் லாரி போனது. லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகளை அக்கரைக்குக் கடத்தினார்கள். பாதி போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு நாலாவது ஆளாகத் தம்பி நின்றான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். அக்காவைப் பார்த்துச் சிரித்தான். கோபத்தோடு பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மேலே ஏறியபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் இருமல் சத்தம். சுவர் மட்டும் நின்ற வீடுகளுக்குள் பேனர் துணியில் யாரோ ஒரு பெண் பல்லைக் காட்டிச் சோப்பு விற்றுக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே பிள்ளைகள் ஒண்டியிருந்தார்கள். தம்பியின் சின்ன மகள் சாக்குக்குள் சுருண்டு கிடந்தாள். அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள், பிள்ளையின் நெற்றி கொதித்தது.

“ஏன்டா, கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“போலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்க்கா. தம்பி வந்து நின்னா நாலு பேர் உன்னத்தானே பேசுவாங்க.” முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். “அஞ்சாம் நாளு பக்கத்து ஊர்க்காரங்க அவங்களுக்குக் கெடச்சதுல பாதிய தலையில தூக்கிட்டு இங்க வந்தாங்க. எங்க அக்காதான் நகராட்சில இருந்து பிரிச்சுக் குடுக்குறா, எங்களுக்குக் கண்டிப்பா வரும், இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னு நானே திருப்பி அனுப்பிட்டேன். இவங்களும் சரின்னுட்டாங்க.”

சுற்றி மேட்டு ஜனங்கள் கூடியிருந்தார்கள். அவன் சொன்ன ஒரு சொல்லுக்காக நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் நாலு நாள் நனைந்திருக்கிறது. அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எங்கள் அக்கா என்கிற பெருமையில்தான் சொன்னான். அதுதான் அவளை அறுத்தது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று கத்தியே சொன்னாள்.

“அவன் மேல யாரும் கோவப்படாதீங்க. உங்களுக்கு வர வேண்டியத ரெண்டு தடவ நான்தான் தடுத்தேன். தப்பு என்னோடது.”

தார்ப்பாயைச் சுவர்மேல் விரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் முட்டியால் அழுத்தியபடி, கயிற்றின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார்.

“சரிம்மா, அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இந்த மூலைய இழுத்துப் புடி, புள்ளைங்க நனையுது.”

அவள் பிடித்தாள்.