மறந்துவிட்டாள் என்று சொன்னவர்

எங்கள் பட்டாசு ஆலையிலிருந்து பதினோரு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள். என் அண்ணன் மனைவியும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். வேதியியல் வாத்தியார் ஒருவர் வந்து, நைலான் சேலை கட்டக் கூடாது, இரும்புக் கரண்டி தொடக் கூடாது, கலந்த வெடிமருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொன்னார். மதினி எட்டாவது வரை படித்தவர். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பும் வேனிலேயே மேனேஜர் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். "ஆபீஸ்ல இருக்கட்டும். நீங்க கொண்டுபோயி அடுப்பெரிக்கவா?" என்றார். போட்டோ மட்டும் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் ஏறியது. அந்த இரண்டு நாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

தீபாவளி சீசன் நெருங்கியது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்தோம். மழை பெய்த ஒரு காலையில், முந்தின நாள் மிஞ்சிய மருந்து மூலையில் ஈரத்தோடு கிடந்தது. மதினி எழுந்து வாசலில் நின்ற மேனேஜரிடம் போனார்.

"சார், இது நேத்து மருந்து. இதத் தொடக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாகள்ல?"

"லோடு நிக்குது. போயி வேலையப் பாரு" என்றார் மேனேஜர்.

ஒரு மணி நேரத்தில் அந்த மருந்து தீப்பிடித்தது. கதவோரம் இருந்த ஆறு பேரும் வெளியே ஓடிவிட்டோம். மூலையில் இருந்த மதினிக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர் சுவரிலிருந்த போட்டோவைக் காட்டினார். "பயிற்சியெல்லாம் குடுத்துட்டோம் சார். அந்தப் பொம்பளதான் மறந்துட்டா."

"இல்ல சார், அவுக சொன்னாக. நான் கேட்டேன்" என்றேன்.

"இவ நாத்தனாக்காரி சார், வேற என்ன சொல்லுவா? மத்தவுகளக் கேளுங்க."

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் மதினி கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். மேனேஜர் சொன்னது அவர் காதுக்கும் வந்துவிட்டிருந்தது. "ஏ பிள்ள, நெசமாவே நான் மறந்துட்டனா? எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு" என்றார். வலியில் அவருக்கு அன்றைய காலை கலங்கிப்போயிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடத்தில், அந்த ஆளை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெயர் போடாமல் புகார் எழுதலாமா என்று யோசித்தேன். ஒருத்தி எழுதினால் கிழித்துப் போடுவார்கள். தினமும் ஆலை வேனில் வரும் அத்தனை பேரும் வாய் திறந்தால்? அதிகாரி கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், சொல்லப் பயம் போக வேண்டும். பயிற்சி கொடுத்த வாத்தியாருக்குக் கடிதம் போட்டேன். பத்தாம் நாள் அவருடைய சொந்தப் புத்தகமே தபாலில் வந்தது.

அதை வேனில் படிக்க ஆரம்பித்தேன். ஆலைக்குப் போக முக்கால் மணி நேரம். டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்தவைத்தேன். பயிற்சிக்கு வந்த மற்றவர்களுக்கு முதலில் எரிச்சல். "காலங்காத்தால பரீட்ச வைக்காத தாயி" என்றார் ஒரு பெரியவர். நான் விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவேன். மறுநாள் திடீரென்று யாரையாவது கேட்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு, அவர்கள் அறையில் நடந்த ஒன்றையே உதாரணமாகச் சொன்னால் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு பயிற்சிக்கு வந்தவர்களை முறை வைத்துச் சொல்லவைத்தேன். சொல்லிக் கொடுத்தவர்களுக்குத்தான் நன்றாக மனதில் நின்றது. பொங்கலுக்குள், பயிற்சிக்கே வராத பேக்கிங் பெண்கள் எங்களைத் திருத்தினார்கள்.

எல்லாரும் பிழைத்துக் கிடக்கட்டும் என்று செய்தேன் என்று இப்போது சொன்னால் பொய். எனக்கு அவர்கள்மேல் அக்கறை இல்லை. சாட்சி வேண்டியிருந்தது.

அடுத்த சீசன் தொடங்கும்போது வேறோர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மேனேஜர் மறுபடியும் போட்டோவைக் காட்டினார். "எம்புட்டுச் சொல்லிக் குடுத்தாலும் இதுகளுக்கு மண்டையில ஏறாது சார்" என்றார்.

அதிகாரி பக்கத்தில் நின்ற பேக்கிங் பெண்ணிடம் கேட்டார். அவள் கையெழுத்துப் போடத் தெரியாதவள். "ஏம்மா, ஒரு ரூம்ல எத்தன பேரு இருக்கலாம்?"

"நாலு பேரு சார். இப்ப அங்கன ஏழு பேரு இருக்காக, வந்து எண்ணிப் பாருங்க."

மேனேஜர் முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. அவளுக்குப் பின்னால் பெரியவர் பேசினார், நேற்றைய மருந்து எந்த மூலையில் இருக்கிறதென்று. அப்புறம் இன்னொருத்தி. போன வருஷம் தரையைப் பார்த்து நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் முன்னால் வந்து, மதினி எச்சரித்ததைக் கேட்டோம் என்றார்கள். மேனேஜர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், மறுபடி துடைத்தார். நான் எதிரே நின்று கண் எடுக்காமல் பார்த்தேன்.

"எங்க மதினி மறந்தாகளா சார்?" என்று கேட்டேன்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி அந்த மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார். எங்களுக்கும் இரண்டு மாதம் வேலை இல்லை. "ஒன் வஞ்சத்துக்கு எங்க வீட்டு அடுப்ப அணைச்சிட்டியே" என்று எதிர்வீட்டுக்காரி தெருவில் நின்று ஏசினாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் வருந்தவில்லை. ஆலை திறந்தபோது அறைக்கு நாலு பேர்தான். வேனில் பாடம் தொடர்ந்தது. இப்போது அதை நடத்தியது அந்தப் பேக்கிங் பெண். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் நான் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வேன். "அக்கா, தூங்குனது போதும், நேத்து என்ன சொன்னேன்?" என்று எழுப்பிவிடுவாள்.

சீல் வைத்த அன்று மாலை மதினியிடம் போனேன். விரல்கள் ஒட்டிப்போன கைக்கு ஆபரேஷன் செய்து மறுபடி ஆஸ்பத்திரியில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவன் மொகம் எப்டி இருந்துச்சு?"

கர்சீப்பைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ், தினமும் ஜெபம் செய்கிற நல்ல பெண், "மன்னிச்சிருங்கக்கா, மனசு லேசாயிரும்" என்றார்.

"இப்பவே லேசாத்தான் இருக்கு" என்றார் மதினி. அவர் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.