பாலாற்றங்கரைச் சாலையில் ஷமீமா அக்கா

செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஷமீமா அக்காவின் ஃபோனிலிருந்து அவர் மகன் எழுதியிருந்தார்: 'அம்மா காலைல மௌத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.' படித்தேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதித் தாள்களைத் திருத்தினேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய் முக்கோணங்கள் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் தலைமை ஆசிரியையிடம் அரை நாள் விடுப்புக் கேட்கப் போனேன். "யாரு, சொந்தமா?" என்று கேட்டார். "கூட சைக்கிள் ஓட்டறவங்க மேடம்" என்றேன். சொன்ன பிறகு அது மிகவும் சின்னக் காரணமாகக் கேட்டது.

உங்களில் பலர் அவரைக் கேம்ப் ரோட்டில் அவர் குடும்பம் நடத்தும் பெயிண்ட் கடையில் பார்த்திருப்பீர்கள். கல்லாவில் உட்காராமல், கலர் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த மஞ்சள் சுவத்துல இன்னும் ஒரு படி தூக்கலாத் தெரியும், யோசிச்சுக்கோங்க" என்று சொல்லி வியாபாரத்தைத் தானே தாமதப்படுத்துவார். நான் அவரை முதலில் பார்த்தது மாடம்பாக்கத்தில். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நான் காலை நடை போய்க்கொண்டிருந்தேன். எதிரே தலைமுக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போட்ட ஒரு பெண்மணி சைக்கிளில் ஆடி ஆடி வந்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க மேடம், எனக்கு நேராத்தான் போகத் தெரியும்!" என்று கத்தினார். ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போய் ஒரு மதில் சுவரில் முட்டி நின்று, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது.

அவரைப் பார்த்து நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். ஒரு வருடத்துக்குள் நாங்கள் ஐந்து பெண்களாகிவிட்டோம். சர்ச்சில் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த என்னை மாலை ஆராதனைக்கு மாற்றியது ஷமீமா அக்காதான். ஆனால் தாம்பரத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி. ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறை போய்விட்டு வந்து, "ஹாரன் சத்தத்துல என் கால் எங்க இருக்குன்னே தெரியல டீச்சர். இதுக்கு நான் கடையிலயே நின்னிருப்பேன்" என்றார். அடுத்த வாரம் கடைக்குப் பெயிண்ட் ஏற்றும் குட்டியானைச் சரக்கு வண்டியை மகனிடம் கேட்டு வாங்கி, ஐந்து சைக்கிளையும் அதில் படுக்க வைத்து, கயிறு கட்டி, செங்கல்பட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார். பாலாற்றுக் கரையோரச் சாலைகளை நாங்கள் பார்த்தது அப்படித்தான்.

சாலைகளை அவர் சும்மா கண்டுபிடிக்கவில்லை. கடைக்கு விடுமுறை விடும் நாளில் பஸ் ஏறிப் போவார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிடித்த இடத்தில் இறங்கி நடப்பார். டீக்கடை எங்கே, பஞ்சர் போடுகிறவர் யார், எந்தத் தெருவில் நாய்கள் துரத்தும், எல்லாம் விசாரிப்பார். அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஆண்கள் எழுதும் சைக்கிள் பயணக் குறிப்புகளில் அது இருக்காது. அஞ்சு பொம்பளைங்க காலையிலிருந்து மதியம்வரை வெளியே இருந்தால் எங்கே போவது? ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ரோட்டோரம் மாடு கட்டியிருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, அக்கா நேரடியாகக் கேட்டுவிட்டார்: "நாங்க அஞ்சு பேரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல வருவோம். உங்க வீட்டு பாத்ரூமைக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

அந்த வீட்டுக்காரி மல்லிகா. முதலில் சிரித்தாளாம். பிறகு, "வூடு சின்னது. கக்கூஸ் சுத்தமா கீது, வாங்க" என்றாளாம். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று கீழே வரும்.

எங்கள் குழுவில் வித்யா இருக்கிறாள். மென்பொருள் வேலை செய்கிறவள், எங்களில் இளையவள். அந்தச் சாலை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஏரிக்கரை, வேர்க்கடலை வயல், ஆற்றைத் தொட்டும் விலகியும் போகும் தார்ச்சாலை, எதிர்ப்பக்கம் நீலமாக நிற்கும் குன்றுகள், எல்லாவற்றையும் படமெடுத்து, வழி வரைபடத்தோடு இணையத்தில் போட்டாள். பல பேர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு எங்களால் போக முடியவில்லை. வேறு ஊர்களிலிருந்து பெரிய சைக்கிள் கூட்டம் வந்ததாம், பாட்டுப் போட்டுக்கொண்டு. அவர்களில் ஒருவன் தலை குனிந்தபடி வேகமாக வந்து, மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த மல்லிகாவின் மாமனார்மேல் மோதியிருக்கிறான். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மோதியவன் எழுந்து, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, போய்விட்டான்.

இது எதுவும் தெரியாமல் அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் போனோம். ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே முள்ளு வெட்டிப் போட்டிருந்தது. நாலைந்து ஆண்கள் நின்றார்கள். மல்லிகாவும் நின்றாள், எங்களைப் பார்க்கவில்லை.

"இதுக்கு மேல போவாதீங்க" என்றார் ஒருவர். "உங்களாலதான் இந்தப் பேஜாரு. இன்னாத்துக்கு எங்க ரோட்ட நெட்டுல போட்டீங்க? யாரு போட்டது?"

வித்யா வாயைத் திறப்பதற்குள் ஷமீமா அக்கா சைக்கிளை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு முன்னால் போனார்.

"நாங்கதான் போட்டோம். தப்பு எங்களுதுதான். பெரியவரு எங்க இருக்காரு?"

"பாத்து இன்னா பண்ணப்போற?"

"பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

முள்ளைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பு வழியாக அவர் நடந்து போனதை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியவர் நாட்டு வைத்தியர் போட்ட கட்டோடு வலியில் கிடந்தாராம். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம். அவரிடம் அக்கா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் குட்டியானை வண்டியை ஊருக்குள் வரச் சொல்லி ஃபோன் வந்தது. முள்ளை அந்த ஆண்களே இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள். பெயிண்ட் கறை படிந்த வண்டியின் தளத்தில் மெத்தை விரித்து, பெரியவரைக் கிடத்தி, ஒரு பக்கம் மல்லிகாவும் மறுபக்கம் அக்காவும் உட்கார்ந்து செங்கல்பட்டு போனார்கள். அறுவை சிகிச்சை முடியும்வரை அக்கா வீட்டுக்கு வரவில்லை.

வித்யா படங்களையெல்லாம் அழித்துவிட்டாள். குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னாள். கடைக்கு வரச் சொல்லி, என் முன்னால்தான் அக்கா அவளிடம் பேசினார். "நீ நல்லதுக்குத்தான் போட்ட. நல்ல ரோடு கிடைச்சா நாலு பேருக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணும். ஆனா அது நம்ம ரோடு இல்லையே வித்யா. அவங்களுக்கு அது வாசல். நம்ம வாசல்ல யாரோ வந்து வேகமாப் போனா நாம சும்மா இருப்போமா?" வித்யா அழுதாள். அக்கா அவளுக்கு டீ சொன்னார். விலகுகிற பேச்சு அதோடு நின்றது.

"அவங்க கூப்பிடறவரைக்கும் அந்தப் பக்கம் சைக்கிள் போகக் கூடாது" என்றார். நாங்கள் வேறு வழியில்லாமல் கோவளம் பக்கம் ஓட்டினோம். கார்களுக்கு நடுவே ஒடுங்கி ஒடுங்கி. யாருக்கும் பிடிக்கவில்லை. அவர் மட்டும் வாராவாரம் பஸ் பிடித்துப் பெரியவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். எங்களை ஒருமுறையும் வா என்று அழைக்கவில்லை. ஒருநாள் நானாகக் கேட்டதற்கு, "கூட்டமாப் போய் நின்னா அவரு நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாப் போயிடும் டீச்சர்" என்றார்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். நாங்கள் கடையில் இருந்தபோது மல்லிகாவின் ஃபோன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "இன்னாக்கா, பஸ்சுலயே வந்துகினு கீறீங்க. சைக்கிள் இன்னா ஆச்சு? மாமா கேக்குறாரு. ஆத்துல தண்ணி வந்துருக்கு, வந்து பாருங்க." அக்கா, "சரி, வரோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெயிண்ட் டப்பாவை நெடுநேரம் துடைத்தார்.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வருடம் முழுக்க வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு கரையிலிருந்து கரைவரை ஓடியது. பனைமரங்களின் அடிப்பாகம் தண்ணீரில் நின்றது. சங்கிலி சுற்றும் சத்தமும், நாரைகள் எழும்பும் சத்தமும்தான். பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு ரோட்டு ஓரம் நின்றார். நாங்கள் ஐந்து பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டே அவரைக் கடந்தோம். "ஏறிப் போங்கம்மா, நான் ஒண்ணும் வுழமாட்டேன்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பு மதில் சுவரில் முட்டிக்கொண்ட அன்று சிரித்தது போலவே இருந்தது.

அக்கா இறந்த அன்று, விடுப்பு வாங்கிக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு நான் போனபோது பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோவில் போகும் வழியிலேயே போய்விட்டார் என்று மகன் சொன்னார். முகம் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் அது அவர் முகம்தான். எனக்கு அழுகை வரவில்லை. வித்யா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, வாசலில் எத்தனை செருப்புகள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் அவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்பும்வரை பார்த்தோம். பிறகு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

மல்லிகாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் கேட்காமலேயே அக்காவின் மகன் வண்டி அனுப்பினார். நான்கு சைக்கிள் ஏற்றினோம். மல்லிகா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா பின்னாடி வர்றாங்களா?"

"இல்ல மல்லிகா" என்றேன். அடுத்த வார்த்தையை வித்யாதான் சொன்னாள்.

மல்லிகா வாளியைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து பெரியவர், "யாரு?" என்று கேட்டார். அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். எங்கள் நான்கு சைக்கிள்களையும் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, "பாத்ரூம் போறவங்க போய்ட்டு வாங்க. டீ போடுறேன்" என்றாள்.

இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. வருமோ என்னவோ. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். ஷமீமா அக்காவைச் சந்திக்கும்வரை, வழியில் தாகமெடுத்தால்கூட அடுத்தவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. கூச்சம். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாக்கு வறண்டபடியே வீடு வந்து சேருகிறவளாக இருந்தேன். போன வாரம் தனியாகப் போனேன், அவர் காட்டாத ஒரு சாலையில், ஆற்றுக்கு அக்கரையில். வெயில் ஏறியதும் ஒரு வீட்டின் முன் இறங்கி, "அம்மா, வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுத்தேன். அந்தக் குரல்தான் அவரிடமிருந்து வந்து என்னிடம் இருப்பது.